கரியும் முத்தும்

விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கங்களில் வேலிக்கருவேல் விறகை அடுக்கி, மண் பூசி, காற்று மிகாதபடி வேகவைக்கும் கரிமூட்டங்களை நமது அங்கத்தினர் பலர் பார்த்திருப்பர். மூட்டத்தைப் பிரித்தால் கிடைப்பது கரி. அங்கிருந்து கிழக்கே சென்றால், பாண்டியர் காலந்தொட்டு முத்துக்குப் பெயர்பெற்ற கடல். கரிக்கும் முத்துக்கும் யாது உறவு என்று கேட்போர் உண்டு. உறவு மிக நெருங்கியது. முத்தில் பெரும்பங்கு சுண்ணாம்புப் பொருள். அப்பொருள் 100 கிராமில் 12 கிராம் கரிதான். ரசாயன நூலார் இதனைக் கார்பன் என்றும் கரிமம் என்றும் அழைப்பர். அடுப்புக்கரி அம்மூலப்பொருள் எடுக்கும் பல வடிவங்களுள் ஒன்று.

உலகில் எத்தனையோ மூலப்பொருள்கள் இருக்க, உயிர்கள் யாவும் கரிமத்தின் மீதே கட்டப்பட்டிருப்பது ஏன்? கரிம அணு ஒவ்வொன்றுக்கும் நான்கு கைகள் உண்டு என்று வைத்துக்கொள்வோம். அக்கைகளால் அது பிற அணுக்களைப் பற்றுவதோடு, தன் இனத்தையே வரிசையாகப் பற்றி நீண்டுகொண்டே போக வல்லது. பாவு போல நீளலாம், கிளைக்கலாம், வளையமாகவும் முடியலாம். பிணைப்பு உறுதியானது, எனினும் வேண்டும்போது அவிழ்க்கக் கூடியது. நெசவாளர்க்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. பருத்தி இலை காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் தந்த நீரையும் வெயிலின் துணையால் சர்க்கரையாக்குகிறது. காயினுள் அச்சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்டு இழையாகின்றன. பத்துக் கிலோ சிட்ட நூலில் ஏறத்தாழ நாலு கிலோ, காற்றிலிருந்து வந்த கரிமமே.

முத்துச்சிப்பியின் வேலையும் ஒருவகைக் கைத்தொழில்தான். கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்தையும் கரிமத்தையும் எடுத்து, மெல்லிய தகடுகளாக அடுக்குகிறது. தகடுகளுக்கு இடையே புரதத்தாலான மெல்லிய சவ்வு. புரதமும் கரிமச் சேர்க்கையே. ஆக, செங்கல்லிலும் கரிமம், சாந்திலும் கரிமம். தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளே இறுதியானவை. பின்னர் 1973இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் அவர் குழுவினரும் வேப்பலோடையில் சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினர்.

முத்துக்கு வாய்த்த மதிப்பு அதன் உடன்பிறப்பாகிய பவளப்பாறைக்கு வாய்க்கவில்லை. அதுவும் அதே சுண்ணாம்புப் பொருளே. ஆயினும் பல ஆண்டுகள் மன்னார் வளைகுடாவில் அதனைப் பெயர்த்துக் கரையேற்றிச் சுண்ணாம்புக்கும் கால்சியம் கார்பைடு தொழிலுக்கும் அனுப்பினர். அப்பொருளை 100 கிலோ நீற்றினால் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். நீண்ட காலம் சேர்த்தது ஓரிரவில் கலையும். 1986இல் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா ஏற்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்குள் அலையைத் தடுத்து நின்ற பாறை பல இடங்களில் குலைந்துவிட்டது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. வான் தீவு தேய்ந்து சுருங்க, அதனைக் காக்கக் கடலடியில் செயற்கைத் திட்டுகளை இறக்க வேண்டியதாயிற்று. பாறையை விற்றோர் பெற்ற காசையும் திட்டு இறக்கிய செலவையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்த்தவர் உண்டோ, அறியோம்.

காற்றில் கரியமில வாயு 1958இல் பத்து லட்சம் பங்குக்கு சுமார் 315 பங்காக இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதே முதற்காரணம். நாம் வெளிவிடுவதில் ஏறத்தாழக் காற்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. வாங்க வாங்கக் கடல்நீரின் காரத்தன்மை சற்றே குறைகிறது. சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவது அதனால் கடினமாகிறது. கடல் சூடேறியதால் 2010லும் 2016லும் இக்கடலின் பவளங்கள் வெளிறின.

இதே தூத்துக்குடியில் 2016இல் வேறொரு முயற்சி நடந்தது. தூத்துக்குடி ஆல்கலி கெமிகல்ஸ் ஆலையின் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து, ஆண்டுக்கு சுமார் 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் சாதனம் நிறுவப்பட்டது. முறையை வகுத்தது, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் ஆகியோர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனம். வாயுவைக் கரைத்துப் பிடிக்கும் ஒரு திரவத்தின் வழியே புகையைச் செலுத்தி, பின் அத்திரவத்தைச் சூடாக்கி வாயுவைத் தனியே பிரிப்பர். அவ்வாயுவோடு உப்பும் அம்மோனியாவும் சேர்ந்தால் இரண்டு பொருள்கள் கிடைக்கும். ஒன்று சோடா உப்பு. மற்றொன்று நவச்சாரம் எனும் அம்மோனியம் குளோரைடு. முன்னது சாயப்பட்டறையில் சாயத்தைப் பருத்தியில் பிடிக்கச் செய்வது. பின்னது நெல்வயலுக்கு உரம். நெசவாளரும் உழவரும் ஒரே புகைபோக்கியில் பங்குதாரராக நின்ற காட்சி இது!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சோடா உப்பில் புகுந்த கரிமம் அங்கேயே தங்குவதில்லை. கண்ணாடி உலையிலோ, சாயக்கழிவைச் சமன்செய்யும் அமிலத்திலோ மீண்டும் வாயுவாகி வெளியேறும். முத்தில் புகுந்தது நெடுங்காலம் இருக்கும். சோடாவில் புகுந்தது குறுந்தவணைக் கடன் போன்றது. சுண்ணாம்புக்கல்லை நீற்றிப் புதிதாகக் கரியமில வாயு எடுக்காமல், ஏற்கெனவே எழுந்த புகையைப் பயன்கொண்டதே இம்முறையின் நன்மை. இதனை நிரந்தரச் சேமிப்பென்று விளம்பரம் செய்வாராயின், அங்கத்தினர் கணக்கைக் கேட்பது நல்லது.

நம் கையிலுள்ள சேமிப்பு மண்ணே. கரிசல் கறுத்திருப்பதால் அதில் கரிமம் மிகுதி என்று பலரும் எண்ணுகின்றனர், அது சரியன்று. அந்நிறம் பெரிதும் களிமண்ணோடு கலந்த கூறுகளால் வருவது. கரிசல் நிலம் பலவற்றில் கரிமம் குறைவே. மண் பரிசோதனைச் சீட்டில் ‘அங்ககக் கரிமம்’ என்று ஒரு கட்டம் உண்டு. 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் குறைவு என்றும், 0.75க்கு மேல் இருந்தால் மிகுதி என்றும் கொள்வர். அறுவடை முடிந்ததும் வயலோரம் எரிக்கப்படும் பருத்திமாரில் இக்கட்டத்துக்கு உரிய கரிமம் உண்டு. காய்ப்புழு தங்கும் என்று அஞ்சுவோர் நியாயமாகவே அஞ்சுகின்றனர். மாரை அப்படியே நிலத்தில் விட்டுவைக்கலாகாது. துண்டாக்கிச் சாணத்தோடு குழியிலிட்டு நன்றாக மக்கவைத்தால், அச்சூட்டில் புழு மடியும். கரிமத்தில் ஒரு பகுதி மண்ணுக்குத் திரும்பும். துண்டாக்கும் இயந்திரம் தனி உழவர்க்கு விலை மிகுதி. நாலைந்து கிராமத்துச் சங்கங்கள் சேர்ந்தால் ஒன்றை வாங்கி, முறை வைத்துக்கொள்ளலாம்.