பதநீர்க் கஞ்சியும் பனையோலையும்

பங்குனி பிறந்துவிட்டால் தாமிரபரணிக்குத் தெற்கே பனங்காடுகளில் பதநீர் வடியத் தொடங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால் அது புளிப்பதில்லை. நம் இல்லங்களில் தவக்காலத்து மாலை வேளைக்குப் பதநீர்க் கஞ்சியினும் எளிய உணவை நாம் அறியோம். வறுத்த சிறுபயற்றையும் அரிசியையும் முதலில் தண்ணீரில் குழைய வேகவைத்து, அதன்பின்னரே பதநீரை ஊற்றவேண்டும். இனிப்பில் பயறு எளிதில் வேகாது. தேங்காய்த் துருவல் சேர்த்து இறக்குக. சர்க்கரை வேண்டா.

குருத்து ஞாயிறன்று ஓலைச்சிலுவை செய்யும் சிறுவர்க்குச் சிறு பெட்டி முடையவும் தாய்மார் கற்றுத்தரலாம். மணப்பாட்டுப் பெண்களின் கைத்திறனை அறியாதார் யார்? ஓலையை நிழலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, முடையுமுன் நீர் தெளித்தால் ஒடியாது. வற்றல் மிளகாய் இட்டுவைக்க இதனை எந்தப் பிளாஸ்டிக் டப்பாவும் வெல்லாது என்பது நம் கருத்து.

ஆனால் பனைகள் செங்கற்சூளைகளுக்கு விறகாகிவிட்டன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது, நன்று. எனினும் நிற்கும் மரங்களில் ஏறுவார் எங்கே? தந்தையின் தொழிலை மகன் விரும்பாததில் வியப்பில்லை. உயிரைப் பணயம் வைக்கும் உழைப்புக்குக் கூலி குறைவு. பதநீருக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசும் நாம் இதனை எண்ணுவதுண்டா? ஆவணியில் வேலியோரம் பத்தடிக்கு ஒன்றாகப் பனங்கொட்டை ஊன்றுவோம். பதநீர் தர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும்.