சீமாட்டிகள் சிந்தும் தண்ணீர்

பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய சிலேட்டை நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதே கல்லை மெல்லிய தகடுகளாகப் பிளந்து ஊர் முழுவதற்கும் கூரை வேய்ந்திருக்கிறார்கள், பிரிட்டனின் மேற்கே உள்ள வேல்ஸ் நாட்டில்! பெத்தெஸ்டா, லான்பெரிஸ் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட அதன் வடபகுதி ஊர்களிலிருந்து கப்பலேறிய சிலேட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் போயிற்று. 2021-ல் அந்தச் சுரங்க வட்டாரத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கூரைச் சிலேட்டுகளுக்கு அங்கே பட்டப் பெயர்கள் உண்டு. 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் இருந்தால் 'டச்சஸ்'. 20-க்கு 10 என்றால் 'கௌண்டஸ்'. 16-க்கு 8, வெறும் 'லேடி'. எல்லாம் பிரபு குலப் பெண்மணிகளின் பட்டங்கள்! இந்தச் சீமாட்டிகள் தண்ணீரைத் தம்மீது தங்க விடுவதில்லை. விழுந்த மழையை அப்படியே கீழே தள்ளிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

அந்தப் பக்கத்துப் பழைய கல் வீடுகளில் பல, கூரை விளிம்பில் மழைநீர்க் காடி இல்லாமலே கட்டப்பட்டவை. சுவர் ஏறக்குறைய இரண்டடி கனம். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, நடுவே மண்ணும் சில்லுக் கல்லும் சுண்ணாம்பும். அஸ்திவாரம் அதிக ஆழமில்லை. மழையோ கேட்கவே வேண்டாம். ஸ்னோடன் மலை உச்சியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது!

கூரையின் ஒரு சரிவு 40 சதுர மீட்டர் இடத்தை மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு சரிவிலிருந்து மட்டும் 1,000 லிட்டர் தண்ணீர் சுவரின் காலடியில் விழும். தரையில் பட்டுத் தெறிப்பது சுவரை நனைக்கும். ஊறுவது அஸ்திவாரத்தை இளக்கும். வீட்டுக்குள் ஓதம். ஓதத்துக்குப் பயந்து சிலர் வெளியே சிமெண்டு பூசிவிடுகிறார்கள். அது இன்னும் கெடுதல். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடும்.

சரி, ஒரு காடியை மாட்டினால் தீர்ந்தது என்கிறீர்களா? எதில் மாட்டுவது? புது வீடுகளில் கைமர நுனிகளை மூடி ஒரு நீளப் பலகை இருக்கும். அதில் தாங்கிகளைத் திருகிவிடலாம். பழைய கல் வீட்டில் அந்தப் பலகையே இல்லை. சிலேட்டும் சுவரைத் தாண்டி ஓரிரு அங்குலந்தான் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கடைசி வரிசைச் சிலேட்டுகளைக் கழற்றிக் கைமரத்திலேயே இரும்புத் தாங்கிகளை அறைய வேண்டும். இல்லாவிட்டால் கல்லிடுக்கில் முளைபோல் இறங்கும் தாங்கிகளை அடிக்க வேண்டும். கல்லில் அடித்தால் கல் உடையும். இடுக்கில்தான் அடிக்க வேண்டும். சட்டப் பாதுகாப்புப் பெற்ற பழைய வீடானால், கை வைப்பதற்கு முன் உள்ளூர் ஆட்சி மன்றத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நூல் பிடித்து, பத்து மீட்டருக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் வாட்டம் கொடுக்கிறார்கள். காடியின் வெளி விளிம்பு கூரைச் சரிவின் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். காரணம், பனி! வழவழப்பான சிலேட்டில் உறைந்த பனி பாளமாகச் சறுக்கி வரும். காடி குறுக்கே நின்றால் அதையும் பெயர்த்துக்கொண்டு போய்விடும். வார்ப்பிரும்புக் காடி கனமானது, வர்ணம் பூசிக்கொண்டே இருக்க வேண்டும், ஆனால் நெடுநாள் உழைக்கும். பிளாஸ்டிக் மலிவு, வெயிலிலும் குளிரிலும் நீண்டு சுருங்கி இணைப்புகளில் ஒழுகும். பழைய கல் வீட்டுக்கு வார்ப்பிரும்புதான் பொருத்தம் என்பது நம் கட்சி.

உண்மையான ஆபத்து வேறு. காடி இல்லாத வீட்டில் தண்ணீர் சுவர் நெடுகப் பரவி விழுகிறது. காடி அடைத்துக்கொண்டாலோ அதே 1,000 லிட்டரும் ஓரிடத்தில் வழிந்து, அந்த ஒரே இடத்துச் சுவரையும் கைமர நுனியையும் அழுகடிக்கும். கூரையில் வளரும் பாசி உதிர்ந்தே காடியை அடைத்துவிடும். 1877-ல் கவிஞர் வில்லியம் மாரிஸ் முதலானோர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், காடியைத் துப்புரவு செய்யுங்கள் என்று இன்றும் வீட்டுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இறங்கு குழாயின் தண்ணீரைச் சுவரடியில் விட்டாலும் பயனில்லை. நிலத்தில் ஊறவிடும் குழி வீட்டிலிருந்து 5 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம்.

ஏணி வைத்து ஏற ஆளில்லாத தனி வீடுகளில் சிலர் காடியே வேண்டாமென்று விட்டுவிடுகிறார்கள். சுவரோரம் ஆழமில்லாத பள்ளம் தோண்டி, சல்லிக் கல் நிரப்பி, வீட்டைவிட்டு விலகும்படி வாட்டம் கொடுக்கிறார்கள். கூரைத் தண்ணீர் சல்லியில் விழுந்து, தெறிக்காமல் ஓடிவிடுகிறது.