சிலந்திக்கு முதல் சோறு

இயற்கைக்கு மாறின ரெண்டாவது வருஷம், கார்த்திகை மாசம். சம்பாப் பயிர் தொண்டைக்கதிரில் நின்றது. காலையில் மடை பார்க்கப் போனவன், வயலின் நடுவில் ஒரு கட்டிலளவுக்குப் பயிர் காய்ந்து கிடப்பதைக் கண்டேன். தூரை விலக்கிப் பார்த்தால், தண்ணீருக்குச் சற்று மேலே பழுப்பாக அப்பிக்கிடந்தது புகையான்.

அப்பா வரப்பிலேயே நின்றார். "போன வருஷம் மகசூல் கொறைஞ்சுது, பொறுத்துக்கிட்டேன். இப்ப பயிரே போவப்போவுது. ஒரே ஒரு தடவ மருந்து அடிச்சிருவோம்டா."

அம்மாவின் வளையல் அடகில் இருந்தது. எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. கீழ்ப்பங்கு ஒரு ஏக்கரில் அடிக்கச் சம்மதித்தேன். மேல்பங்கு ஒரு ஏக்கரை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சினேன். அங்கே தண்ணீரை வடித்து, பயிரை எட்டடிக்கு ஒரு பட்டமாகப் பிரித்து, தூரில் வெயிலும் காற்றும் படும்படி செய்தேன்.

அடித்த மறுநாள் கீழ்ப்பங்கு சுத்தம். அப்பா முகத்தில் நிம்மதி. மூணு வாரத்தில் அதே கீழ்ப்பங்கில் மூணு இடத்தில் பயிர் புகைந்தது. மேல்பங்கிலும் எனக்கு நஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் அங்கே காய்ந்த இடம் ஓரளவோடு நின்றுபோனது. ஒரே மண், ஒரே நாற்று, ஒரே வாய்க்கால். அப்படியிருக்க இந்த வித்தியாசம் ஏன்?

அடித்ததில் செத்தது யார்?

புகையான் தன் முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மேலே அடிக்கிற மருந்து அந்த முட்டையைத் தொடாது. ஒரு வாரம், பத்து நாளில் அது பொரித்து வெளியே வரும்போது, அதைத் தின்ன வேண்டிய சிலந்தி அங்கே இல்லை. முட்டையையே உறிஞ்சிக் குடிக்கிற பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் இல்லை. காவலே இல்லாத களத்துமேட்டில் நெல்லைக் கொட்டின கதை.

புகையானுக்கு ஒரு தலைமுறை ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். நீள இறக்கை வந்தால் காற்றோடு ஊர்விட்டு ஊர் போகும். நெல்வயல் ஓநாய்ச் சிலந்தியோ வலை கட்டாமல் ஓடிப் பிடிக்கிற ஜாதி. தாய் முட்டைப்பையை வாலோடு ஒட்டித் தூக்கித் திரியும். பொரித்த 60, 80 குஞ்சுகளையும் முதுகில் சுமக்கும். அது பெருக மாசக்கணக்கு ஆகும். இரண்டையும் சேர்த்து அழித்தால் முதலில் திரும்பி வருவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் பட்டபாட்டை இந்தோனேசியாவில் ஒரு நாடே பட்டது. அங்கே அரசே மானியம் கொடுத்துப் பூச்சிக்கொல்லியை வாரி இறைத்த காலத்தில் புகையான் பெருகிப் பெருகி வந்தது. கடைசியில் 1986-ல் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை போட்டார்கள். மானியத்தையும் படிப்படியாக நிறுத்தினார்கள். உழவர்களை வயலிலேயே உட்காரவைத்துப் பூச்சி பார்க்கச் சொல்லிக்கொடுக்கும் வயல்வெளிப் பள்ளிகளும் அங்கேதான் வேர்விட்டன.

வயலுக்கு ஒரு வரிசை உண்டு

சரி, நான்தான் அதற்கு முந்தின வருஷமே மருந்தை நிறுத்திவிட்டேனே, என் வயலில் ஏன் போதுமான சிலந்தி இல்லை? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் அரித்தது.

விடை அதே இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இருந்தது. அங்கே நெல்வயல்களில் நடந்த ஓர் ஆய்வு 1996-ல் வெளியானது. அதன் சாரம் இதுதான். தண்ணீர் கட்டி நட்ட வயலில் பயிரைத் தின்கிற பூச்சி பெருகுவதற்கு முன்பே வேறு கூட்டம் வந்துவிடுகிறது. மட்குகிற இலைதழையைத் தின்னும் சின்னஞ்சிறு துள்ளும் பூச்சிகள், நீரிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்று வளரும் கொசு மாதிரியான கடிக்காத ஈக்கள். இவை நமக்கு நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது என்று நினைத்திருந்தோம். ஆனால் சிலந்திக்கு முதல் சோறு இவைதான். இவற்றைத் தின்று சிலந்தி முன்கூட்டியே பெருகி நிற்கும். பிறகு புகையான் வரும்போது காவலாள் ஏற்கெனவே வாசலில் இருப்பான். வயலில் மட்கு அதிகமானால் இந்தக் கூட்டமும் அதிகமாகிறது, அதைத் தொட்டுச் சிலந்தியும் அதிகமாகிறது என்றும் அந்த ஆய்வு காட்டியது.

ஒவ்வொரு போகமும் உழுது தண்ணீர் கட்டும்போது நம்ம வயல் புதிதாகப் பிறக்கிற குளம். முதலில் பாசி, பிறகு ஈ, தலைப்பிரட்டை, பிறகு சிலந்தி, ஊசித்தட்டான், தவளை. ஒருவர் வந்தால்தான் அடுத்தவருக்கு இலை போட முடியும். நான் ரசாயனத்தை நிறுத்தினேனே தவிர, பந்தியில் முதல் இலையே போடவில்லை. எரு குறைவு, தக்கைப்பூண்டு விதைக்கவில்லை. போதாததற்கு வரப்பைப் பச்சை தெரியாமல் வழித்துச் சுத்தமாக வைத்திருந்தேன். அறுவடை முடிந்து வயல் வெறிச்சோடினால் சிலந்தி ஒதுங்குகிற இடமே அந்த வரப்புதான்.

நான் மாற்றியது

நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுகிறேன். தொழுவுரத்தை விடுவதில்லை. நட்ட முதல் வாரங்களில் வயலில் ஈ பறந்தால் சந்தோஷப்படுகிறேன்.

வரப்பை ஒரே நாளில் முழுக்க வெட்டுவதில்லை. ஒரு பக்கம் இந்த மாசம், மறுபக்கம் அடுத்த மாசம். வரப்பு குறுகலாக இருக்கும், எலிக்கு வளை தோண்ட இடம் கிடைக்காது. மேலே உளுந்தும் தட்டைப்பயறும் ஊன்றுகிறோம்.

வாரம் ஒருமுறை வயலைக் குறுக்கே நடந்து, அங்கங்கே குத்தைத் தட்டி எண்ணுகிறோம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கே கையில் இருக்கிறது: சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு ஒரு புகையான் இருந்தாலே எச்சரிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அந்த ஒரு சிலந்திக்குக் கணக்கிலேயே மரியாதை உண்டு, பார்த்தீர்களா? ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை அது தின்னும் என்கிறார்கள்.

இது ஏழாவது வருஷம். புகையான் வராமல் இல்லை, வருகிறது. போன வருஷம் ஒரு தாம்பாளம் அளவுக்கு ஒரு இடம் காய்ந்தது. அதோடு நின்றது. மகசூல் பழையபடி ஏற நாலு வருஷம் ஆனது. வளையலை மீட்க ஐந்து வருஷம்.

புதிதாக இயற்கைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல நினைப்பது இதுதான். ரெண்டாவது, மூணாவது வருஷம்தான் கண்டம். கெடுக்கிற பூச்சி சீக்கிரம் வந்துவிடும், காக்கிற பூச்சி தாமதமாகத்தான் வரும். அந்த இடைவெளியில்தான் பலபேர் மனசு விட்டுத் திரும்பிப் போகிறோம். மொத்த நிலத்தையும் ஒரே வருஷத்தில் மாற்றாதீர்கள். தாங்குகிற அளவுக்கு ஒரு பங்கை மாற்றுங்கள், மட்கும் வரப்பும் முதல் வேலையாக இருக்கட்டும்.

போன மாசம் ராத்திரி அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பினார். விளக்கைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துத் தூரடியில் அடித்தால், சிலந்தியின் கண் பொட்டுப்பொட்டாக மின்னும். திரும்பி வந்தவரிடம், "எத்தனை இருக்குப்பா?" என்று கேட்டேன்.

"எண்ண முடியலடா" என்றார்.