கண் சிவக்குதுன்னு சொட்டு மருந்தை நிறுத்தாதீங்க! கண் நீர் அழுத்த நோயாளிகள் கவனத்துக்கு...

ஊட்டி:-

கண் நீர் அழுத்த நோய்க்கு (கிளாக்கோமா) சொட்டு மருந்து போடுபவர்களில் சிலர், கண் சிவக்கிறது, எரிகிறது என்று பாதியிலேயே நிறுத்தி விடுகிறார்கள். இது பார்வைக்கே ஆபத்தாக முடியும்.

இந்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக சேதமாகி, முதலில் ஓரப்பார்வை போகும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

எந்த மருந்துக்கு என்ன?

லேட்டனோபிராஸ்ட், பைமட்டோபிராஸ்ட், டிராவோபிராஸ்ட் மருந்துகளால் கண் சிவக்கலாம். இமை முடி நீளமாக வளரும், இமைத்தோல் கறுக்கும். ஒரு கண்ணுக்கு மட்டும் போட்டால் வித்தியாசம் பளிச்சென தெரியும்.

பிரிமோனிடின் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அரிப்பு, இமை வீக்கம், வாய் உலர்தல், தூக்கக் கலக்கம் வரலாம். டார்சோலமைடு போட்டதும் கண் எரியும், வாய் கசக்கும்.

மூச்சிரைப்பு இருக்கிறதா?

டிமோலால் விஷயத்தில் கூடுதல் உஷார் தேவை. கண்ணில் விடும் மருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும், நாடித்துடிப்பையும் குறைக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி குளிரில் இழுப்பு வந்தால், "பனிக்கு வந்திருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. "கண்ணுக்குத்தானே போடுறோம், மூச்சுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்காமல், ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் கண் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

போடும் முறை

கீழ் இமையை லேசாக இழுத்து ஒரே ஒரு சொட்டு போதும். கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை 2 நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால், மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். இமையில் வழிந்ததை துடைத்து விடவும். இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிடம் இடைவெளி தேவை.

தொல்லை தாங்க முடியவில்லை என்றால், 'கோவைக்கு இறங்கும்போது பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போடாமல், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலாவது உடனே காட்ட வேண்டும். வேறு மருந்து, பதனப்பொருள் கலக்காத சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் என மாற்று வழிகள் உண்டு. மூச்சுத்திணறல், மயக்கம், திடீர் கண்வலியுடன் வாந்தி வந்தால் அன்றே அவசர சிகிச்சை தேவை.