கழுத்துக் குழாய் அடைத்துக்கொண்டால்...

விடியற்காலையில் காரைக்குடியில் பஸ் ஏறுகிறவர்களில் சிலருடைய கழுத்திலே வெள்ளைக் கட்டு இருக்கும். அதற்குக் கீழே இரண்டு சிறு குழாய்கள் தெரியும். ஒன்றிலே சிவப்பு. மற்றதிலே நீலம்.

இவர்கள் சிறுநீரகம் பழுதானவர்கள். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளவேண்டும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். சிவப்புக் குழாய் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது. சுத்தமாகி, நீலக் குழாய் வழியாகத் திரும்புகிறது. நிமிஷத்துக்குச் சுமார் கால் லிட்டர்!

குழாயின் மறு நுனி எங்கே இருக்கிறது? இருதயத்தின் வாசலிலே!

டாக்டரின் துணிச்சல்

இருதயத்துக்குள் குழாய் விட்டால் மனிதன் செத்துப்போவான் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே பயந்தார்கள். 1929-ல் ஜெர்மனியில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தம் கையிலுள்ள ரத்தக் குழாயைத் திறந்தார். சிறுநீர் எடுக்கும் ரப்பர் குழாயை அதிலே செலுத்தினார். அப்படியே மாடிப்படி இறங்கிப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நுனி இருதயத்தில் இருந்தது. ஆள் சாகவில்லை! 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் அடைக்கிறது?

ஓடுகிற ரத்தம் உறையாது. தேங்கினால் உறைந்துவிடும்.

செட்டிநாட்டு வீடுகளில் மழை நீர் முற்றத்திலே விழுந்து ஜலதாரை வழியாக வெளியேறும். ஐப்பசி பிறக்குமுன் அதிலுள்ள சருகை எடுத்துவிடுவார்கள். மறந்தால் முற்றம் குளமாகிவிடும்!

கழுத்துக் குழாய்க்கும் அந்தக் கவனம் வேண்டும். டயாலிசிஸ் முடிந்ததும் நர்சு உப்பு நீரை விட்டு விட்டுத் தள்ளிக் குழாயைக் கழுவுவார். பிறகு ஹெப்பாரின் மருந்தைக் குழாய் கொள்ளும் அளவுக்கு நிரப்பிப் பூட்டுவார். அந்த அளவு குழாயிலேயே அச்சிட்டிருக்கும். ஒன்றரை மில்லி லிட்டருக்கு முன்பின் இருக்கலாம். கூடினால் மருந்து உடம்பிலே கலந்து ரத்தக் கசிவு உண்டாகும். குறைந்தால் நுனியிலே ரத்தம் கட்டும். அடுத்த தடவை இந்த மருந்தை வெளியே எடுத்த பிறகே இயந்திரத்தை மாட்டுவார்கள்.

இந்த ஹெப்பாரினை 1916-ல் கண்டவர் அமெரிக்காவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஜே மக்லீன் என்ற மாணவர். நாயின் ஈரலை ஆராய்ந்தபோது கிடைத்தது!

அடைத்துவிட்டால்?

சில சமயம் ஊசியால் மருந்தை உள்ளே தள்ள முடியும். ரத்தத்தை இழுத்தால் வராது. நுனியிலே மெல்லிய சவ்வு படர்ந்து, கதவுபோல மூடிக்கொள்கிறது. இயந்திரம் கத்தும். டயாலிசிஸ் நடக்காமல் வீடு திரும்பினால் நுரையீரலில் நீர் கோக்கும். பொட்டாசியம் ஏறி இருதயம் நின்றுவிடவும் கூடும்.

நர்சு முதலிலே குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். நோயாளியைத் திரும்பிப் படுக்கவும் இருமவும் சொல்வார். பல சமயம் இதுவே போதும்! சிறிய ஊசியை மாட்டிப் பலமாகத் தள்ளக்கூடாது. அழுத்தம் தாங்காமல் குழாய் வெடிக்கலாம்.

அதற்கும் வழிவராவிட்டால் யூரோகைனேஸ் போன்ற, கட்டியைக் கரைக்கும் மருந்தை டாக்டர் குழாயில் நிரப்பிச் சிறிது நேரம் விட்டுவைப்பார். கடைசி வழி, குழாயையே மாற்றுவது. ஆனால் கழுத்திலே ரத்தக் குழாய்கள் எத்தனை இருக்கின்றன? ஒவ்வொன்றாகக் கெட்டால் பிறகு இடமே இல்லை.

வீட்டிலே கவனம்

கட்டு நனையக்கூடாது. அந்தப் பக்கமாக அழுத்திப் படுக்கக்கூடாது. மூடியை வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. காற்று ரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. வேறு ஊசி மருந்து போட அவசரத்துக்கு அந்தக் குழாயைக் கேட்டாலும், "டயாலிசிஸ் டாக்டரைக் கேளுங்கள்" என்று நோயாளி தைரியமாகச் சொல்லலாம். குளிர் ஜுரம் கண்டால் காத்திருக்கக் கூடாது. உறைந்த ரத்தம் கிருமிகளுக்கு நல்ல மெத்தை!

கழுத்துக் குழாய் பெரும்பாலும் தற்காலிக ஏற்பாடுதான். கையிலே இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்து 'ஃபிஸ்டுலா' செய்வார்கள். அது பக்குவமாக ஆறு வாரமோ, அதற்கு மேலோ ஆகும். கத்திக்குப் பயந்து இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அத்தனை நாளும் கழுத்துக் குழாய்தான் கஷ்டப்படுகிறது. ஃபிஸ்டுலா செய்த இடத்தில் விரல் வைத்தால் கிறுகிறு என்று அதிரும். அதிலே டயாலிசிஸ் ஒழுங்காக நடக்கத் தொடங்கியதும், டாக்டர் கழுத்துக் குழாயை உருவி எடுத்துவிடுவார்.