ஸ்கேன் நார்மல்தான், ஆனால் பாடம் ஏறவில்லை

பைக்கில் இருந்து விழுந்து, தலையில் அடிபட்டு, ஒரு வாரத்தில் வகுப்புக்குத் திரும்பும் மாணவர் கடையநல்லூர், தென்காசிப் பக்கம் கல்லூரிகளில் பாடம் எடுப்பவர்களுக்குப் பழகிய காட்சிதான். "ஸ்கேன் எடுத்தாச்சு சார், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க" என்பார். அரை மணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டுமே உண்மை.

சிடி ஸ்கேன் பார்ப்பது முக்கியமாக ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். கன்கஷன் என்பது மூளை குலுங்கியதால் அதன் வேலை தடுமாறுவது. நரம்பு செல்களின் ரசாயனச் சமநிலை கலைந்து, அதைச் சரிசெய்யவே மூளைக்குக் கூடுதல் சக்தி தேவைப்படுகிறது. இது ஸ்கேனில் தெரியாது. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சமும் சத்தமும் ஒத்துக்கொள்ளாமை, மறதி, எரிச்சல் என்றுதான் வெளியே வரும். வகுப்பில் பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனம் மாதிரி இருக்கும்.

"ஒரு மாசம் இருட்டு ரூம்ல படு" என்பது பழைய யோசனை. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் சொன்னது வேறு: முதல் ஓரிரு நாள் மட்டும் ஓய்வு, முதல் 48 மணி நேரம் செல்போன், கம்ப்யூட்டரைக் குறைப்பது, பிறகு படிப்படியாகப் படிப்புக்குத் திரும்புவது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்கு இழுக்கும்.

கிரிக்கெட்டில் இதற்கு 2019 ஆகஸ்ட் முதல் விதி இருக்கிறது. 2020 டிசம்பரில் கான்பராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டதும், அவருக்குப் பதில் சஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார். வகுப்பில் மாற்று ஆள் இறங்க முடியாது. பாரத்தைத்தான் குறைக்க வேண்டும்.

நம் சட்டமும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டைப் பற்றியது. சில வாரப் பாதிப்பு அதற்குள் வராது. ஆகவே பொறுப்பு வகுப்பு ஆசிரியர், துறைத்தலைவர் கையில்தான் வந்து நிற்கிறது. செய்யக்கூடியவை:

- முதல் வாரம் பாதி நாள் போதும். கடையநல்லூரில் இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போய்வருபவருக்கு ஹாரன் சத்தமும் குலுக்கலுமே பாதி சக்தியைத் தின்றுவிடும்.
- ஜன்னல் வெளிச்சம் படாத இடத்தில் உட்காரவையுங்கள். தலைவலி கூடினால் கேட்காமலே வெளியே போய் உட்கார அனுமதி கொடுங்கள்.
- நோட்ஸை அச்சடித்துக் கொடுங்கள். போர்டைப் பார்த்து எழுதுவதும், கேட்பதும் ஒரே நேரத்தில் கஷ்டம்.
- இன்டர்னல் தேர்வைத் தள்ளிவையுங்கள். விட்டுப்போன நான்கையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.
- 75 சதவீத வருகைப்பதிவுச் சிக்கலை செமஸ்டர் கடைசிக்கு விடாமல், மருத்துவச் சான்றிதழை இப்போதே வாங்கி அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். 'ஓய்வு தேவை' என்று மட்டும் இல்லாமல், எவ்வளவு நேரம் படிக்கலாம் என்றும் டாக்டரிடம் எழுதி வாங்குவது நல்லது.
- டாக்டர் சரி என்னும்வரை விளையாட்டும் பைக்கும் வேண்டாம். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், வலிப்பு, கைகால் பலவீனம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். பழைய ஸ்கேன் நார்மல் என்று காத்திருக்கக் கூடாது.

இவை எதற்கும் பணம் வேண்டாம், தனி ஆணையும் பெரும்பாலும் வேண்டாம். "நல்லாத்தானே இருக்கான்" என்று சொல்வதற்கு முன், "எவ்வளவு நேரம் படிக்க முடியுதுப்பா?" என்று ஒரு தடவை கேட்டால், ஒரு அரியர் குறையலாம்.