நடமாடும் வீட்டுக்கு வெயில் மின்சாரம்

மலைநாட்டில் பிறக்கும் மின்சாரம் பெரும்பாலும் நீரின் கொடையாகும். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா இலங்கையின் நீர்வலுவைப் பயன்படுத்தும் வழிகளைப் பற்றி 1918ஆம் ஆண்டில் ஆராய்ச்சியுரை ஒன்றைப் படித்தார். அவர் கண்ட கனவின் பயனாக லக்ஷபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. எனினும், அருவியில் பிறந்த அந்த மின்சாரம் கம்பம் நாட்டிய இடத்துக்கே செல்லும். கம்பமில்லாத மலைச்சரிவொன்றில் இரண்டு மூன்று இரவுகள் தங்க நேரும் வாகனத்துக்கு அது எட்டாது. படுக்கையும் அடுப்பும் விளக்கும் அமைத்து வீடாக்கிய வேன்களில் ஊர் சுற்றுவோர் இன்று பெருகி வருகின்றனர். அத்தகைய வேனொன்று ஹற்றனிலோ நுவரெலியாவிலோ தங்கும்போது அதன் விளக்கு அணையாதிருக்க வழி என்ன? எடுத்துச் செல்லத்தக்க சூரிய மின்தகடு ஒன்றை, அதாவது மக்கள் சோலார் பனல் என வழங்குவதை, வேனின் மின்னமைப்புடன் இணைப்பதே அவ்வழி.

இத்தகைய வேனில் இரண்டு பற்றரிகள் இருப்பது வழக்கம். ஒன்று எஞ்சினை முடுக்குவதற்கு. மற்றையது விளக்கு, கைத்தொலைபேசி, குளிர்பெட்டி முதலியவற்றுக்கு. வேன் ஓடும்போது எஞ்சினோடு இணைந்த மின்பிறப்பாக்கி இரண்டுக்கும் மின்னேற்றும். ஹற்றனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா வரை ஓடினால் வீட்டுப் பற்றரி ஓரளவு நிரம்பிவிடும். ஓட்டம் நின்றதும் வரவும் நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. இரண்டு பற்றரிகளையும் பிரித்து வைக்கும் சாதனம் இல்லையேல், இரவெல்லாம் எரிந்த விளக்கு எஞ்சினுக்குரிய மின்னையும் குடித்துவிடும். மறுநாட் காலையில், உதவிக்கு ஆளில்லாத தோட்டப் பாதையில், வண்டி அசையாமல் நிற்கும். ஆகவே மின்தகட்டை வீட்டுப் பற்றரியுடன் மட்டுமே இணைத்தல் வேண்டும்.

சிலிக்கனால் ஆன சூரிய மின்கலத்தை 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் உலகுக்குக் காட்டினர். தன்மேல் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கை அது மின்சாரமாக்கிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து வான்குவாட் என்னும் செய்மதி அத்தகைய கலங்களைத் தாங்கி விண்ணிற் சென்றது. இன்று கடைகளில் விற்கும் நல்ல தகடுகள் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலும் தருகின்றன.

மின்தகட்டுக்கு வேண்டியது ஒளியேயன்றி வெப்பமன்று. தகடு சூடேறினால் அதன் ஆற்றல் குறையும்; ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு நட்டமாகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், மேகமற்ற நண்பகலில், ஒரு தகடு கொழும்பில் தருவதினும் சற்று மிகுதியாகவே தரக்கூடும். ஆனால் மலையில் மேகமற்ற நண்பகல் எப்போதும் வாய்ப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் ஹற்றன், நோர்வூட் பகுதிகளை மழையும் மூடுபனியும் சூழும். அடர்ந்த மூடுபனியில் தகட்டின் விளைச்சல் பத்தில் ஒரு பங்காகவும் சுருங்கிவிடும்.

நிழல் மற்றொரு தடை. ஒரு தகட்டிலுள்ள கலங்கள் சங்கிலிக் கண்ணிகள்போல் வரிசையாகத் தொடுக்கப்பட்டவை. ஒரு கலத்தின்மேல் இலை நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் தளரும். தேயிலைக் காடுகளில் கல்யாண முருங்கையும் சில்வர் ஓக்கும் நிழலுக்காகவே வளர்க்கப்படுகின்றன. வீதியோரங்களிலோ யூக்கலிப்டஸ் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. வண்டியை மரநிழலில் நிறுத்தவே எவரும் விரும்புவர். அவ்வாறு நிறுத்தினால் கூரைமேற் பொருத்திய தகடு வீணாகும். எடுத்துச் செல்லும் தகட்டின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. வண்டி நிழலில் இருக்கத் தகட்டை மட்டும் வெயிலிற் கொண்டுபோய் வைக்கலாம். வெயில் நகர நகரத் திருப்பியும் வைக்கலாம். மலைநாடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழு பாகையில் அமைந்திருத்தலால், ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நுவரெலியாவின் வசந்த காலத்துக்கு வருவோர் தகட்டைப் படுக்கையாக வைத்தாலே போதும். டிசெம்பரில் சூரியன் தெற்கே முப்பது பாகை சாய்வதால் தகட்டையும் தெற்கு நோக்கிச் சாய்த்தல் நன்று.

இனி, வரவையும் செலவையும் கணக்கிடல் வேண்டும். 100 வாட் தகடு ஒன்று நல்ல நாளொன்றில் நான்கு மணி நேர முழு வெயிலுக்கு ஒப்பான ஒளியைப் பெற்றால், இழப்புகள் போக ஏறத்தாழ 280 வாட்-மணி மின்சாரம் தரும். 5 வாட் எல்.ஈ.டி. மின்குமிழ்கள் இரண்டு நான்கு மணி நேரம் எரிய 40 வாட்-மணி போதும். இரண்டு கைத்தொலைபேசிகளுக்கு முப்பது போதும். சிறிய குளிர்பெட்டி நாளொன்றுக்கு முந்நூறு வரை விழுங்கும். தேநீருக்கு நீர் காய்ச்சும் 1,000 வாட் மின்கேத்தலோ பத்தே நிமிடத்தில் 170 வாட்-மணியைக் குடித்துவிடும். அந்நேரத்தில் பற்றரியிலிருந்து எண்பது அம்பியருக்கு மேல் இழுக்கும். தேயிலை நாட்டிலே தங்குவோர் தேநீரைக் காஸ் அடுப்பிற் காய்ச்சுவதே அறிவுடைமை. விளக்குக்கும் தொலைபேசிக்கும் இத்தகடு தாராளம். குளிர்பெட்டியும் வேண்டுமாயின் இன்னொரு தகடு வேண்டும். மூடுபனி நாட்களில் விளக்கு ஒன்றே மிஞ்சும்.

தகட்டை நேராகப் பற்றரியில் மாட்டுதல் பெருந்தவறு. 12 வோல்ட் பற்றரிக்கென விற்கப்படும் தகடு, சுமையின்றி வெயிலில் இருக்கும்போது இருபது வோல்ட்டுக்கு மேற் காட்டும். ஈயப் பற்றரியோ 14.4 வோல்ட் அளவில் நிரம்பிவிடும். அதற்கு மேலும் திணித்தால் உள்ளிருக்கும் நீர் குமிழியாகிப் போகும். பற்றரி விரைவிற் பாழாகும். ஆதலால் இடையே மின்னேற்றக் கட்டுப்படுத்தி ஒன்று வேண்டும். சில தகடுகள் தம் முதுகிலேயே கட்டுப்படுத்தியைக் கொண்டு வரும். அத்தகைய தகட்டின் கம்பியை வேனிலுள்ள வேறொரு கட்டுப்படுத்தியில் கொண்டுபோய்ச் செருகலாகாது. ஒரே பாதையில் இரண்டு காவலர் நின்றால் இருவர் வேலையும் கெடும். இணைக்கும்போது முதலிற் பற்றரியையும் பின்னர் தகட்டையும் கட்டுப்படுத்தியுடன் இணைத்தல் வேண்டும். கழற்றும்போது தகட்டை முதலிற் கழற்றல் வேண்டும்.

கூரையில் ஏற்கெனவே தகடு ஒன்று இருந்தால், புதியதற்குத் தனிக் கட்டுப்படுத்தி வைத்து, இரண்டையும் ஒரே பற்றரிக்குக் கொண்டுசெல்வதே பாதுகாப்பான முறை. பழைய கட்டுப்படுத்தியிலேயே சேர்ப்பதாயின், இரண்டின் வோல்ட் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். இரண்டும் சேர்ந்து தரும் அம்பியர் அக்கட்டுப்படுத்தி தாங்கும் அளவுக்குள் அடங்குதலும் வேண்டும். 100 வாட் தகடு ஒன்று ஏறத்தாழ ஐந்தரை அம்பியர் தரும். இரண்டு சேர்ந்தால் பதினொன்று. 10 அம்பியர் கட்டுப்படுத்தி அதனைத் தாங்காது.

கம்பியின் பருமனும் கவனிக்கத்தக்கது. வெயிலைத் தேடித் தகட்டைத் தொலைவில் வைக்கும்போது மெல்லிய கம்பி வழியிலேயே மின்னை வெப்பமாக்கிவிடும். ஆறு மீற்றர் தொலைவுக்கு 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பி பொருத்தமானது. கட்டுப்படுத்தி பற்றரிக்கு அண்மையில், வேனுக்குள்ளே, மழை படாத இடத்தில் இருத்தல் வேண்டும். பற்றரியின் நேர்முனைக்கு அருகிலேயே பியூஸ் ஒன்று அமைதல் கட்டாயம். தகடு தரும் மின்னோட்டம் சிறிது. ஆனால் பற்றரியின் கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் பாயும் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான அம்பியராகிக் கணப்பொழுதில் தீ மூட்டவல்லது.

பற்றரியின் இயல்பையும் அறிதல் வேண்டும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் ஏறத்தாழ 1,200 வாட்-மணி இருப்பினும், பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குன்றும். ஓய்வாக இருக்கையில் 12.1 வோல்ட் காட்டினால் விளக்கை அணைத்துவிடல் நலம். லிதியம் பற்றரி ஆழமாகச் செலவழிக்க இடந்தரும். ஆனால் அது உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது மின்னேற்றினால் சேதமுறும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாப் புல்வெளிகளில் சில விடியற்காலைகளில் உறைபனி படிவதுண்டு. அத்தகைய காலங்களில் பற்றரியை வேனின் உட்புறத்தே வைத்தல் வேண்டும்.

வேன் வாங்க வசதியில்லாதோருக்கும் இவ்வறிவு உதவும். தகடு, கட்டுப்படுத்தி, பியூஸ், பற்றரி, மின்குமிழ் என்னும் இவ்வைந்துமே ஒரு சிறு வீட்டு விளக்குக்கும் வேண்டியவை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்தபோது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மின்குமிழின் வெளிச்சம் எவ்வளவு பெரிது என்பதை நாடே உணர்ந்தது. 50 வாட் தகடு ஒன்று அந்த வெளிச்சத்தைத் தரப் போதுமானது. ஆயினும் லயங்களில் வீடுகள் ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்பதால், ஓர் அறையிற் பற்றிய தீ வரிசை முழுவதையும் விழுங்கும். வேனில் பியூஸ் இல்லையேல் ஒரு வண்டி எரியும். லயத்தில் பியூஸ் இல்லையேல் பல குடும்பங்கள் தெருவில் நிற்கும். விலை மலிந்த அச்சிறு பொருளை முதலில் வாங்கிக்கொண்டு, அதன் பின்னரே தகட்டின் விலையைக் கேட்டறிவது உத்தமம்.